நாற்பத்தொரு கையெழுத்து

ரூஜ், ஸ்காபரோ
24 யூலை 2025, வியாழன்

சச்சிதானந்தனுக்கு,

'அன்புள்ள தம்பி' என்று தொடங்கத்தான் கை போனது. நிறுத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ ஒன்பது தரம் போன் எடுத்திருக்கிறாய். நான் தூக்கவில்லை, தூக்கவும் மாட்டேன். போனில் நீ குழைவாய், நான் கத்துவேன், இரண்டு பேரும் அழுது முடித்து ஒன்றும் நடக்காத மாதிரி வைத்துவிடுவோம். இந்த முறை அது சரிவராது. சொல்ல வேண்டியதை எழுது. நீ சுவிஸில் இருந்த ஆறு வருடமும் கடிதத்தில்தானே சண்டை பிடித்தோம், கை மறந்திருக்காது.

என் கேள்வி ஒன்றுதான். ரூஜ் ஹெரன்ஸ் கனடியன் ஃபுட்போல் அணியின் குவாட்டர்பாக் இடத்திலிருந்து என் பிள்ளையை ஏன் எடுத்தாய்?

தெரிவுக்குழுவில் நீங்கள் மூன்று பேர். பயிற்சியாளர் கிருபன் மிதுனனை வைத்திருக்கத்தான் கேட்டான் என்று எனக்குத் தெரியும். தலைவர் அலெக்ஸாண்டர், கடைசியாக யார் கதைக்கிறாரோ அவர் பக்கம் தலையாட்டுகிற மனிதர். ஆக, வேலையைப் பார்த்தது நீ. ஐந்து வருடமாக இந்த அணிக்குப் பந்து எறிகிறவன் அவன். போன வருடம் இறுதியாட்டம் வரை கொண்டுபோனவன். அரையிறுதிக்கு இன்னும் நான்கு கிழமை இருக்கும்போது, போன வருடம் வந்து சேர்ந்த விதுஷனைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துவிட்டு, சொந்த அக்காவின் மகனை ஆட விடாமல் வாங்கில் இருத்தியிருக்கிறாய். அதையும் எனக்குக் கிருபனின் மனைவி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. சனிக்கிழமை மைதானத்து மூன்றாம் படியில் என் பக்கத்தில் இருந்து என் பிளாஸ்கில் தேத்தண்ணி குடித்தவன் நீ. அப்போது ஒரு வார்த்தை சொன்னாயா?

மிதுனனுக்கு இருபத்தேழு வயது. தகப்பன் போன பிறகு இவன் வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்த மைதானத்தில்தான் கண்டேன். வாரம் முழுக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருக்கிறவனுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது. அதை நீ எடுத்துவிட்டாய்.

அவன் உன்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "மாமா யோசிச்சுத்தான் செய்திருப்பார் அம்மா, விடுங்கோ" என்கிறான். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

யோகராணி


மிசிசாகா
28 யூலை 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபம் நியாயம்தான். ஆனால் இது குழு எடுத்த முடிவு, அணியின் நன்மைக்காக எடுத்தது. காரணங்களை எழுதுகிறேன்.

மூன்று தரத்தில் பத்து யார் தூரம் போகாவிட்டால் பந்து மற்ற அணியின் கைக்குப் போய்விடுகிற ஆட்டம் இது. மூன்றாவது தரத்தில்தான் குவாட்டர்பாக்கின் தரம் தெரியும். மிதுனன் அண்மைக்காலமாக அந்த நேரத்தில் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறான். யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கப் பிந்துகிறான். யூலையில் அவன் விளையாடிய மூன்று ஆட்டத்தில் இரண்டில் தோற்றோம். விதுஷன் கால் வேகமுள்ளவன். வழி இல்லாவிட்டால் தானே பந்தோடு ஓடுவான். அடுத்த வருடத்தையும் நாங்கள் பார்க்க வேண்டும். இருபத்தேழு வயது இந்த ஆட்டத்தில் சின்ன வயது இல்லை.

நேற்று முன்தினம் விதுஷன் விளையாடி எட்டுப் புள்ளியால் தோற்றோம் என்பது உண்மை. அவனுக்குக் கொஞ்சம் காலம் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு நீங்கள் படியின் மற்ற அந்தத்தில், நீக்கிலாப்பிள்ளை குடும்பத்தோடு போய் இருந்தீர்கள். நான் எங்கள் வழமையான இடத்தில் தனியே இருந்தேன். தேத்தண்ணி இல்லை. அது பரவாயில்லை.

இன்னொன்று எழுத இருந்தேன். வேண்டாம்.

மிதுனனைக் கொஞ்ச நாள் ஓய்வாக இருக்க விடுங்கள். அதையாவது எனக்காகச் செய்யுங்கள்.

அன்புத் தம்பி,
சச்சி


ரூஜ்
1 ஓகஸ்ட் 2025

சச்சிதானந்தனுக்கு,

நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். சோதனைக்குப் பாடமாக்கிக்கொண்டு வந்த பிள்ளையின் விடை மாதிரி இருக்கிறது. ஐந்து வருடமாக உன்னோடு ஆட்டம் பார்க்கிறேன். நீ ஒரு நாளும் 'அணியின் நன்மைக்காக' என்று கதைத்ததில்லை. நடுவரின் தாய் தகப்பனை இழுத்துத்தான் உனக்குக் கதைக்கத் தெரியும்.

சரி, காரணம் சொன்னாய். பதில் வாங்கிக்கொள்.

என் கொப்பியைப் பற்றி உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மிதுனன் எறிகிற ஒவ்வொரு பந்தையும் எழுதுகிறேன். யாருக்கு எறிந்தான், எத்தனை யார் தூரம், இடப்பக்கமா வலப்பக்கமா, பிடிபட்டதா விழுந்ததா. நீ பக்கத்தில் இருந்து பகிடி பண்ணுவாய், "அக்கா, பந்துக்குச் சாதகம் எழுதுறியளோ" என்று. அந்தக் கொப்பியைத்தான் இப்போது விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

யூலை மாதம் மூன்று ஆட்டத்திலும் அவன் இடப்பக்கம் எறிந்த பந்துகள் அறுபத்தொன்று. பிடிபட்டவை நாற்பத்து நான்கு. நூற்றுக்கு எழுபத்திரண்டு வருகிறது. அதற்கு முந்தின ஐந்து ஆட்டத்தில் இடப்பக்கம் நூற்றுக்கு ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. கிழமைக்குக் கிழமை கை தேறி வருகிறவனைத்தான் நீ வயது போனவன் என்கிறாய். தோற்ற இரண்டு ஆட்டமும் எங்கள் பின்வரிசை பந்தைப் பிடிக்கத் தெரியாமல் நின்றதால் தோற்றவை. அதுவும் கொப்பியில் இருக்கிறது.

இனி வேறு கதை. கழகத்தின் யாப்பு, பதினான்காம் பிரிவு. நாற்பது உறுப்பினர் கையெழுத்து வைத்தால் விசேட பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், கூட்டம் எடுக்கும் முடிவுக்குத் தெரிவுக்குழு கட்டுப்பட வேண்டும். உலகத்தில் வேறு எந்த அணியும் குவாட்டர்பாக்கை வாக்கெடுத்துத் தெரிவதில்லை என்று அன்றைக்கே கிருபன் தலையில் அடித்துக்கொண்டான். "மூண்டு தமிழர் சேர்ந்தா யாப்பு இல்லாமல் எப்பிடி" என்று சொல்லி அதை எழுதிச் சேர்த்தவன் நீ. உன் கையால் எழுதியதை வைத்தே உன்னைக் கேட்கப் போகிறேன். நாளை கையெழுத்து வாங்கத் தொடங்குகிறேன்.

பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ செய்த வேலை உனக்குத் தெரிய வேண்டும். அவன் காரை ஓடுவதையே விட்டுவிட்டான். பஸ்ஸில் போய் வருகிறான். கேட்டால் பெற்றோல் விலையாம். சாப்பாட்டு மேசையில் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு இருக்கிறான், என்னை நேரே பார்ப்பதில்லை. வேலை முடிந்து வந்து அறையில் விளக்குப் போடாமல் படுக்கிறான். மனம் உடைந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

ஓய்வாக இருக்கட்டும் என்று நீ எழுதினாய். இதுதான் அந்த ஓய்வு.

யோகராணி


மிசிசாகா
5 ஓகஸ்ட் 2025

அக்கா,

கையெழுத்து வாங்காதீர்கள். இதை அதிகாரத்தில் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் உறைக்கிற மாதிரியே எழுதுகிறேன். நீங்கள் இப்போது அணியைப் பார்க்கவில்லை. மகனைப் பார்க்கிறீர்கள். ஒரு ரசிகையாக இருந்தால் இந்த மூன்று ஆட்டத்திலும் அவன் எப்படி விளையாடினான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தாயாக இருந்துகொண்டு கொப்பி எழுதினால் வேண்டியதுதான் கண்ணில் படும்.

இதை எழுதிவிட்டு வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். வெட்டவில்லை. என்மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை, நீங்கள் கொப்பியை இன்னொரு தரம் விரித்தால் போதும்.

இடப்பக்கம் எறிந்ததைக் கூட்டியிருக்கிறீர்கள். வலப்பக்கம் எறிந்ததையும் கூட்டிப் பாருங்கள். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. ஏன் முடியாது என்றும் கேட்காதீர்கள்.

சச்சி


ரூஜ்
10 ஓகஸ்ட் 2025, ஞாயிறு

சச்சிதானந்தனுக்கு,

தாயாக இருந்துகொண்டு கொப்பி எழுதுகிறேனாம். நான் யாருடைய தாய் என்று உனக்கு இப்போதுதான் தெரிந்ததோ?

மார்க்கம் நகரத்தில் இருக்கிற எங்கள் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் போத்தல் மூடி என் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது தெரியுமா? ஒன்றில் மயிரளவு கோணல் இருந்தாலும் தூக்கி எறிவேன். பதினெட்டு வருடமாக அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பார்க்கத் தெரியாதவள் என்று நீ எனக்கு எழுதுகிறாய். கொப்பியைத் திறக்கவில்லை. நீ சொல்லி நான் திறக்கத் தேவையில்லை.

நாற்பது கேட்டார்கள், நாற்பத்தொன்று கிடைத்தது. எட்டு நாள் வேலை முடிந்து வீடு வீடாக நடந்தேன். நீக்கிலாப்பிள்ளை காரின் முகப்பில் கடதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "யோகா, சச்சிக்கு உண்மையிலேயே மூளை பிசகிப்போச்சோ" என்று கேட்டார். தங்கேஸ்வரி, யாருடைய பிரச்சினையிலும் தலையிடாத மனுஷி, பேனையைப் பறித்துக் கையெழுத்துப் போட்டாள்.

நாற்பத்தொராவது கையெழுத்து யாருடையது என்று உனக்குத் தெரிய வேண்டும். விதுஷனுடையது. தானாகவே வந்தான். "அன்ரி, ஒனஸ்ற்லி, மிதுன் அண்ணாதான் எங்கட ஆள். செமிஃபைனலுக்கு நான் ரெடி இல்லை" என்றான். நேற்றைய வெற்றியில் அரையிறுதிக்குப் போய்விட்டோம், அதிலும் பந்தை இரண்டு தரம் கைநழுவ விட்டானே, அந்தப் பயம் முகத்தில் இருந்தது. நீ எடுத்து வைத்த பிள்ளையே உன் பக்கம் இல்லை.

பதினேழாம் திகதி ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி, பள்ளிக்கூட மண்டபம். வந்து உன் காரணங்களை எல்லோருக்கும் முன்னால் சொல்லு.

யோகராணி


மிசிசாகா
18 ஓகஸ்ட் 2025, திங்கள்

அக்கா,

இதை எழுதக்கூடாது என்று றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு முன்னால் சத்தியம் பண்ணியவன் நான். அந்தச் சத்தியத்தை இப்போது முறிக்கிறேன். அவரிடம் நான் பிறகு பேசிக்கொள்கிறேன்.

மிதுனனுக்குக் கண் பழுதாகியிருக்கிறது. வலப்பக்கம் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது.

யூன் 28ஆம் திகதி ஆட்டம் ஞாபகம் இருக்கும். மூன்றாவது காற்பகுதியில் பின்னால் ஒருவன் வந்து இடித்து விழுத்தினான். ஹெல்மெட் நிலத்தில் அடிபட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது. உடனே எழும்பிக் கையைக் காட்டினான், நாங்கள் சிரித்தோம். அன்றைக்குத் தொடங்கியது. யூலை 13 காலையில் அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். 404 நெடுஞ்சாலையில் போகும்போது, "மாமா, உந்த ரக் ஏன் எங்கட லேனுக்குள்ள வருது" என்றான். அங்கே ஒரே ஒரு ரக் லொறிதான் போனது, அதன் லேனில் ஒழுங்காகப் போனது. காரை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னான்.

அப்படியே வோக்-இன் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். மூளை குலுங்கியதில் கண்ணை அசைக்கிற நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார் டொக்டர். ஓய்வாக இருந்தால் பெரும்பாலும் மாறுமாம். மாற முன் தலையில் இன்னொரு அடி விழுந்தால் கண்ணோடு நிற்காது, உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்றார். கார் ஓடவும் கூடாது என்றார். நிபுணரைப் பார்க்க 26ஆம் திகதிக்கு நேரம் எடுத்திருக்கிறது.

அங்கிருந்துதான் கோயிலுக்குப் போனோம். தேங்காய் உடைத்துவிட்டு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் விளையாடேல்லை மாமா. ஆனா அம்மாட்டச் சொல்லக் கூடாது" என்றான். ஏனென்று கேட்டேன். "அப்பா செத்து ஒரு வருசம் அம்மா வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. நான்தான் இழுத்துக்கொண்டு வந்து அந்தப் படியில இருத்தினனான். அம்மாவுக்குச் சனிக்கிழமை ஒண்டுதான் இருக்கு. தெரிஞ்சா இனி அந்தப் பக்கமே வரமாட்டா" என்றான். நான் சத்தியம் பண்ணினேன். அவனும் பண்ணினான்.

அவன் ஆறு நாள்தான் காப்பாற்றினான். பத்தொன்பதாம் திகதி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினான். நான் உங்கள் பக்கத்தில் இருந்தேன். வாய் திறக்காமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை குழுவில் அவனைக் கழித்தேன். உண்மைக் காரணத்தைச் சொன்னால் ரூஜ் முழுக்க அன்றிரவே தெரிந்துவிடும் என்று மூன்றாம் தரம், கால் வேகம், வயது என்று கதை கட்டினேன். அந்தக் கதையை வைத்துத்தான் நீங்கள் நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினீர்கள்.

நேற்றுக் கூட்டத்தில் உண்மையைச் சொல்ல எழும்பினேன். அவன் முன்வரிசையில் இருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். சொல்லாமலே திரும்ப இருந்துவிட்டேன். முப்பத்தெட்டுக்கு மூன்று என்று நீங்கள் வென்றீர்கள். இரவு கிருபன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எனக்கு முன்னாலேயே மிதுனனுக்குப் போன் எடுத்தான். மிதுனன் சிரித்துக்கொண்டு, "மாமா தோத்துப்போன கோபத்தில என்னவும் சொல்லுவார் அண்ணை, எனக்கு ஒண்டும் இல்லை" என்றானாம். கிருபன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஒரு மாதமாகப் பொய்க் காரணம் சொன்னவனின் மெய்யை யார் நம்புவார்கள்?

நீங்கள் சொன்னால் கேட்பான். உங்களால் மட்டும்தான் முடியும். சனிக்கிழமைக்கு முன்னம் தடுங்கள் அக்கா.

சச்சி


ரூஜ்
20 ஓகஸ்ட் 2025, புதன்

சச்சிதானந்தனுக்கு,

திங்கள் பின்னேரம் நீ பக்கவாசலில் செருகிவிட்டுப் போன கடிதம் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது, ஒட்டினபடியே. தடிப்பாக இருக்கிறது. இன்னும் காரணங்கள் வைத்திருக்கிறாய் போல.

அதை இப்போது திறக்க மாட்டேன். நேற்று முழுக்க மிதுனன் என்னோடு சிரித்துக் கதைத்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு, தானே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தான். கொஞ்சம் மேசையில் ஊற்றிவிட்டான், அது கிடக்கட்டும். இந்த நான்கு நாளும் என் வீட்டில் நல்ல கதை மட்டும்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமை வென்ற பிறகு திறந்து வாசிப்பேன். அப்போது உன்னோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பும் இருக்கும்.

இதை அலெக்ஸாண்டரிடம் கொடுத்துவிடுகிறேன். இனி வாசலுக்கு வராதே.

யோகராணி


21 ஓகஸ்ட், வியாழன்
உங்கள் வீட்டுத் தெருமுனையில், காரில் இருந்து

அக்கா,

கதவைத் தட்டினேன். திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. மிதுனனும் வீட்டில்தான் நிற்கிறான், இது முதலில் அவன் கையில் பட்டால் கிழித்துப்போடுவான். அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் ஆட்டக் கணக்கு மாதிரித் தெரிகிற ஒன்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் கொப்பி. யூன் 28க்கு முன்னம், பின்னம். வலப்பக்கம். ஒரே ஒரு தரம் கூட்டுங்கள். பிறகு பிரிட்ஜுக்கு மேலே இருப்பதைத் திறவுங்கள்.

திறக்காவிட்டால் சனிக்கிழமை ஆட்டம் தொடங்க முன்னம் நானே மைதானத்துக்குள் இறங்குவேன். எல்லோரும் சேர்ந்து என்னை வெளியே தள்ளினாலும் பரவாயில்லை.

சச்சி


ரூஜ்
24 ஓகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புள்ள தம்பி,

நேற்று நீ வேலியோடு நின்றதைக் கண்டேன். உன்னிடம் வரவில்லை. அவ்வளவு தூரத்தில் நின்ற உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து, பக்கவாசலில் நீ செருகின துண்டைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். எடுத்தவள் வாசித்தேன். வாசித்தவுடன் கோபத்தில் கொப்பியை இழுத்தேன், உனக்குக் கணக்குக் காட்டி வாயை அடைக்கலாம் என்று. யூன் 28 வரை ஐந்து ஆட்டம், வலப்பக்கம் எறிந்தது எழுபது. அதற்குப் பிறகு மூன்று ஆட்டம். ஒரு தாளைப் புரட்டினேன், இன்னொன்றைப் புரட்டினேன். நான்கு. அந்த நான்கில் ஒன்றும் பிடிபடவில்லை. பிழையாகக் கூட்டிவிட்டேன் என்று திரும்ப முதலிலிருந்து கூட்டினேன். நான்குதான். எல்லாம் என் கையெழுத்து.

அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தைத் திறந்தேன். திறக்க முன்னமே பாதி தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டது, பஸ், விளக்குப் போடாத அறை, மேசையில் ஊற்றின தேத்தண்ணி. எல்லாவற்றையும் நானே உனக்கு எழுதியும் இருக்கிறேன். போத்தல் மூடியில் கோணல் பிடிக்கிறவள் என்று பெருமை அடித்தேனே, அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இரவு அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கிருபனுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் சிரித்துக்கொண்டு பொய் சொல்லுவான், நான் நம்பியும் விடுவேன். அந்தப் பயத்தில் கேட்கவில்லை.

நேற்று உடை மாற்றும் அறை வாசலில் நின்றேன். சீருடை போட்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தான். நான் அவனுக்கு வலப்பக்கமாகப் பத்தடி தள்ளிப் போய் நின்றேன். "மிதுன், முகத்தைத் திருப்பாமல் கண்ணால மட்டும் என்னைப் பார்" என்றேன். இரண்டு விரலைக் காட்டினேன்.

"எத்தினை?"

சிரித்தான். "என்னம்மா விளையாட்டு இது?"

"எத்தினை எண்டு சொல்லு."

"நாலு."

நான் கையை இறக்கவில்லை. அவன் முகத்தைத் திருப்பி நேரே பார்த்தான். என் கையில் இரண்டு விரல் இருந்ததைக் கண்டான். அந்த இடத்திலேயே சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டான். நானும் பக்கத்தில் இருந்தேன். சீருடையோடு அவனைக் கட்டிப்பிடிக்க முடியவில்லை, தோளில் அவ்வளவு தடிப்பாக என்னவோ வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

"நீங்கள் திரும்பவும் வீட்டுக்குள்ளையே இருந்திடுவியள் எண்டுதான் அம்மா" என்றான். "உங்களுக்கு இந்த கேம் எவ்வளவு விருப்பம்."

"எனக்கு இதில என்னடா விருப்பம்? முதல் வருசம் ஆர் எந்தப் பக்கம் ஓடுறாங்கள் எண்டே தெரியாது. நீ சிரிக்கிறாய் எண்டுதான் வந்தனான். உன்னைப் பார்க்கத்தான் கொப்பி எழுதப் பழகினனான்."

ஐந்து வருடம், சச்சி. அவன் எனக்காக அடி வாங்கியிருக்கிறான், நான் அவனுக்காகக் குளிரில் இருந்திருக்கிறேன். ஒருவரை ஒருவர் ஒரு தரம் கேட்டிருந்தால் போதும்.

கிருபனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் உன்னை நினைத்துத் தலையில் கை வைத்தான். பிறகு படியில் ஏறி உறுப்பினர்களுக்கும் நானே சொன்னேன். நீக்கிலாப்பிள்ளை, "நாப்பத்தொரு கையெழுத்து வாங்கிப்போட்டு இப்ப வந்து சொல்லுறீரோ" என்று கேட்டார். "ஓம். சச்சி சரி, நான்தான் பிழை" என்றேன். அவர் தள்ளியிருந்து இடம் விட்டார். அந்தக் கடதாசியை விதுஷனிடமே கொடுத்துக் கிழிக்கச் சொன்னேன். கிழித்துவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினான்.

மிதுனனை மூன்றாம் படியில் எனக்கு வலப்பக்கம் இருத்தினேன். அப்படி இருந்தால்தான் நான் அவனுக்கு இடப்பக்கம் வருவேன். நீ வழமையாக இருக்கிற இடம் அது. விதுஷன் எறிந்ததை எல்லாம் கொப்பியில் எழுதினேன். மிதுனன் ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொன்னான், "அது பதினாலு யார் இல்லை அம்மா, பன்ரண்டு" என்று. கடைசியில் மூன்று புள்ளியால் தோற்றோம், நீ பார்த்தாய்தானே. விதுஷன் நிலத்தில் குந்தியிருந்து அழுதான். மிதுனன் இறங்கிப் போய் அவனைத் தூக்கினான்.

இனி உன்னுடைய விஷயம். பத்தொன்பதாம் திகதி மிதுனன் இடப்பக்கம் எறிந்த அந்தப் பெரிய பந்து பிடிபட்டபோது, நான் எழும்பி நின்று கை தட்டினேன். உன் தோளிலும் தட்டினேன். எல்லாம் தெரிந்துகொண்டு நீ பக்கத்தில் இருந்தாய். அந்த நிமிடம் இன்னும் ஒரு இடி விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசிக்கிறேன், யோசிக்கும்போது உன்மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. பிள்ளையாருக்குப் பண்ணின சத்தியத்தை விட என் பிள்ளை பெரிது என்று உனக்கு ஒரு மாதம் முன்னம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு நாலு நாள் முன்னம் தெரிந்திருக்க வேண்டும், கடிதம் பிரிட்ஜுக்கு மேலேதான் இருந்தது. இந்த இரண்டையும் நாங்கள் நேரில் இருந்து கதைக்க வேண்டும். கத்துவேன். கேட்டுக்கொண்டிரு.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு நிபுணர். மிதுனன் கார் ஓடக் கூடாது. எனக்கு நெடுஞ்சாலை ஓடப் பயம் என்று உனக்குத் தெரியும்.

இதற்குப் பதில் எழுதாதே. எட்டு மணிக்கு வா. பக்கவாசல் பூட்டாமல் இருக்கும்.

அக்கா